அங்கீகரிக்கப்பட்ட பாம்புகள்

எங்கள் கல்லூரியில் களஆய்வு வள மேம்பாட்டு மையம் என்று ஒன்று இருக்கிறது. மாணவர்கள் வெளியே போய் ஆய்வு செய்ய என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் தேடிக் கொடுப்பதற்காகத் தொடங்கப்பட்டது. தொடங்கிய நாளிலிருந்து ஒருவர்கூட வெளியே போகவில்லை. அதனால் மையத்தின் மேல் எந்தப் புகாரும் வந்ததில்லை. அந்த நல்ல பெயரைக் கெடுத்தவள் என் அறைத்தோழி தோரா.

தோராவுக்குச் சொந்த ஊர் ஹோல்ம்விக். வின்னிபெக் நகரத்திலிருந்து வடக்கே, ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது. அவள் அப்பா குளிர்காலத்தில் பனியைத் துளைத்து மீன் பிடிக்கிறவர். தோராவுக்குப் பாசாங்கு வராது. யாராவது போகிறபோக்கில் "எப்படி இருக்கே?" என்று கேட்டால், நின்று, எப்படி இருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வாள். இப்படிப்பட்டவளை மையத்துக்குள் அனுப்பியிருக்கவே கூடாது.

ஹோல்ம்விக்கில் மூடிப்போன வெண்ணெய்க்கூடம் ஒன்று உண்டு. அதன் பின்னால் சுண்ணாம்புப் பாறை இடிந்து விழுந்த பெரிய குழி. குளிர்காலம் முழுக்க அந்தப் பாறை இடுக்குகளில், உறைபனி எட்டாத ஆழத்தில், ஆயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். விரல் தடிமன், விலாவில் சிவப்புக் கோடு. கடித்தால் முள் கீறிய மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பனி உருகினால் மேலே வரும், இணை சேரும், சதுப்புப் பக்கம் போய்விடும். இலையுதிர் காலத்தில் அதே குழிக்குத் திரும்பும். அந்தக் குழியைச் சரளைக்கல் கொட்டி நிரப்பி, பனி தள்ளும் வண்டிகளை நிறுத்த இடம் செய்வதாக ஊராட்சி முடிவு செய்திருந்தது.

ஏப்ரல் நடுவில் தோரா என்னையும் இழுத்துக்கொண்டு ஊராட்சித் தலைவர் கோஸ்டினியுக்கைப் பார்க்கப் போனாள். அவர் குழி ஓரத்திலேயே நின்று இடத்தை அளக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாம்பா? இங்கயா?" என்றார்.

"உங்க பூட்ஸ் மேல ஒண்ணு போகுது, அங்கிள்."

அவர் குனிந்து பார்த்தார். அது போய் முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்.

"நான் பாத்து என்னம்மா பிரயோசனம்? நான் பாத்தா அது அரசியல். கல்லூரி பாத்தாத்தான் அறிவியல். இந்தக் குழியில பாம்பு இருக்குன்னு உங்க கல்லூரி வாயைத் திறந்து சொல்லட்டும், அந்த நிமிஷமே கல்லு லாரியைத் திருப்பி அனுப்பறேன். ஆனா ஜூன் பொறக்கறதுக்குள்ள சொல்லணும். அப்புறம் என் கையில இல்ல."

எங்கள் பேராசிரியர் ப்ரூடன் நல்லவர். அவருக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதனால் அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் நல்லவராக இருப்பதை ஒத்திப் போட்டிருந்தார்.

"அருமையான யோசனை தோரா. நீ என்கிட்ட இதைச் சொல்லவே இல்லன்னு வெச்சுக்கோ. என்ன வேணும் உனக்கு?"

"கையுறை, துணிப்பை, சின்னத் தராசு, அளக்க ஒரு நாடா. போய்வர வண்டி."

"மையத்துக்குப் போ" என்று சொல்லிவிட்டு, நாங்கள் வெளியேறியதும் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டார்.

மையம் இருக்கும் இடத்தில் முன்பு விலங்கியல் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கிருந்த தராசு, வலை, ரப்பர் பூட்ஸ், பை எல்லாவற்றையும் ஏலத்தில் தள்ளிவிட்டுத்தான் மையத்துக்கு இடம் பண்ணினார்கள். இப்போது அங்கே மெத்தை நாற்காலிகளும், பீன்ஸை அரைத்துக் காப்பி போடும் இயந்திரமும் இருந்தன. சுவரில் ஆளுயர எழுத்தில் 'வளம் உனக்குள்ளே இருக்கிறது' என்று எழுதியிருந்தது.

இயக்குநர் வின்னிஃப்ரெட் ஆஷ்டவுன் எங்களைக் கட்டித் தழுவாத குறையாக வரவேற்றார்.

"பாம்பா! எவ்வளவு தைரியமான தலைப்பு! நாம சேர்ந்து இதை ஒரு பயணமா ஆக்குவோம்."

"பயணத்துக்கு வண்டி வேணும் மேடம்" என்றாள் தோரா.

ஆஷ்டவுன் இரக்கத்தோடு சிரித்தார். "எல்லாரும் இங்கதான் தப்பு பண்றாங்க. மையம் பொருள் கொடுக்கற இடம்னு நினைக்கறாங்க. பொருளைக் கொடுத்தா என்ன ஆகும்? எடுத்துக்கிட்டுப் போய் உபயோகப்படுத்திடுவாங்க. அப்புறம் மையத்துக்கும் அவங்களுக்கும் என்ன உறவு? நாங்க கொடுக்கறது தேடல். எங்கிட்ட பதினோரு பேர் முழுநேரமா வேலை செய்யறாங்க. தேடிக்கிட்டே இருக்கோம். கிடைச்சுட்டா இத்தனை பேரும் என்ன பண்ணுவாங்க, நீயே சொல்லு."

தோரா யோசித்தாள். "ஒருத்தர் எங்களோட வந்து பாம்பைப் பிடிக்கலாம்."

அந்தப் பதிலை ஆஷ்டவுன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'வளம் என்றால் என்ன?' என்கிற பயிலரங்கில் எங்களைச் சேர்த்துவிட்டார். அதை முடிக்காதவர்கள் தராசு கேட்க முடியாது.

பயிலரங்கில் எங்களைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். மெல்லிய புல்லாங்குழல் இசை. நடத்துகிறவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். மற்றவர்கள் கடல் தெரிகிறது, ஒளி தெரிகிறது என்றார்கள்.

"தோரா, உனக்கு என்ன தெரியுது?"

"தராசு தெரியுது."

"அதுக்கும் மேல போ."

"தராசுக்கு மேல பாம்பு இருக்கு."

எங்களை இரண்டாம் நிலைப் பயிலரங்குக்கும் சேர்த்துவிட்டார்கள்.

கல்லூரிக்கு வேன் ஒன்று உண்டு. அதை மையத்தின் பதினோரு பேரும் எடுத்துக்கொண்டு மலையடிவார விடுதி ஒன்றுக்குப் போயிருந்தார்கள். 'மாணவர்களுக்கு வாகனம் கிடைக்காதது ஏன்?' என்ற மாநாடு. திரும்பி வந்தபோது எல்லோருக்கும் நல்ல வெயில் நிறம் ஏறியிருந்தது.

இதற்குள் ஏப்ரல் முடிய வந்துவிட்டது. ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரை ஒதுங்கியது. தோராவின் அப்பா தினமும் தொலைபேசியில் சொல்வார்: "இன்னிக்கு நிறைய வெளிய வந்திருக்கு. நீ எப்ப வர்றே?" அவள் "பாதுகாப்பு அதிகாரியைப் பாக்கணும்ப்பா" என்பாள். உடனே அவர் மீன் விலையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

பாதுகாப்பு அதிகாரி டிரான்டர் எங்கள் விண்ணப்பத்தில் 'பாம்பு' என்கிற சொல்லைத் தாண்டிப் படிக்கவில்லை. படிக்க அவர் மனம் துணியவில்லை.

"விஷமுறிவு மருந்து எங்க?"

"இதுக்கு அப்படி ஒரு மருந்தே கிடையாது சார். தேவையில்ல. இது ஆளைக் கொல்ற பாம்பு இல்ல."

டிரான்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதாவது, மருந்தே இல்லாத பாம்புகிட்ட உங்களை அனுப்பச் சொல்றே."

"மருந்து வேண்டியதில்ல சார்."

"நல்ல பாம்பு, கெட்ட பாம்புன்னு பேதம் பாக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. கிலுகிலுப்பைப் பாம்பு கடிச்சா மருந்து இருக்கு, அதனால அது பாதுகாப்பானது. உன் பாம்புக்கு மருந்தே இல்ல. இருக்கறதுலயே ஆபத்தானது இதுதான். என் இருபது வருஷ சர்வீஸ்ல ஒரு மாணவருக்கும் களத்துல அடிபட்டதில்ல. ஏன் தெரியுமா? ஒருத்தரையும் நான் களத்துக்கு விட்டதில்ல."

இதைச் சொல்லும்போது அவர் கண்கள் லேசாகக் கலங்கின. எங்களுக்கு ஆளுக்கொரு விசிலும், 'பத்திரமாக இரு' என்று அச்சடித்த ஒட்டுப்படமும் கொடுத்தார். மொத்தக் கல்லூரியிலும் எங்களுக்குக் கையில் கிடைத்த பொருள் அவை மட்டும்தான்.

அடுத்தது விலங்கு நலக் குழு. தலைவர் டாக்டர் லோரிமர் நாற்பது வருஷமாக ஒரே இன வெள்ளெலியை ஆராய்கிறவர். நீள மேசை, ஏழு உறுப்பினர்கள், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல்.

"பாம்புகளை எங்கிருந்து வரவழைக்கிறீங்க?" என்றார்.

"வரவழைக்கல சார். நாங்கதான் அதுங்ககிட்ட போறோம்."

குழுவில் சலசலப்பு.

"அதுங்க இப்ப எங்க வெச்சுப் பராமரிக்கப்படுது?"

"குழியில."

"குழிக்குப் பொறுப்பாளர் யார்? வெப்பநிலையை யார் கவனிக்கறாங்க? ஒவ்வொரு பாம்புக்கும் தனி இடம் உண்டா?"

"இல்ல சார். எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். அப்படி இருந்தாத்தான் பிழைக்கும்."

ஒரு பெண் உறுப்பினர் வாயில் கையை வைத்துக்கொண்டார். லோரிமர் குரலில் நடுக்கமே வந்துவிட்டது. "இவ்வளவு மோசமான சூழல்ல இருக்கற விலங்குகளை இந்தக் குழு எப்படி அங்கீகரிக்கும்? அங்கீகாரப் பட்டியல்ல இருக்கற நிறுவனத்துகிட்ட முறையா வளர்ந்த, சுத்தமான, அங்கீகரிக்கப்பட்ட பாம்புகளை வாங்கிடுவோம். அதை இங்கயே கண்ணாடித் தொட்டியில வெச்சு உங்க களஆய்வைப் பண்ணுங்க."

பணம் இல்லை என்று இதுவரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதற்கு அன்று மாலையே கிடைத்துவிட்டது.

மே முதல் சனிக்கிழமை தோரா பொறுமை இழந்தாள். அவள் பொறுமை இழந்தால் கத்தமாட்டாள். போய்ப் படுக்கையிலிருந்து தலையணை உறைகளைக் கழற்றுவாள். என்னுடையதையும் கழற்றினாள்.

"என்னடி பண்றே?"

"பை இல்லேன்னாங்கல்ல. கிளம்பு லெஸ்யா."

அவள் அப்பாவின் பழைய பிக்கப் லாரியில் போனோம். வண்டி முழுக்க மீன் நாற்றம். வெண்ணெய்க்கூடத்துக்குப் பின்னால் இறங்கியபோது முதலில் கேட்டது சத்தம்தான்: காய்ந்த இலைக் குவியலை யாரோ ஓயாமல் கிளறுவது போல. குழியின் அடிப்பகுதியே நெளிந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய பெண் பாம்பைச் சுற்றி நூறு ஆண் பாம்புகள் நூல்கண்டு மாதிரி உருண்டன. நான் அந்த மாதிரி ஊரில் வளர்ந்தவளில்லை, கால் கூசியது. தோரா மட்டும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வாரத்தில் முதல்முறையாக அவள் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன்.

குழிக்கு எதிர்ப்புறம் ஒரு ஆள் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, டப்பாவிலிருந்து பெரோகிக் கொழுக்கட்டையை விரலால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் புத்தம்புதிய தராசு, கையுறைக் கட்டு, அடுக்கி வைத்த துணிப்பைகள். பெயர் டெலோர்ம் என்றார். பாம்பு விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆள்.

"ஏதோ ஒரு கல்லூரி அவசரமா கேட்டிருக்கு" என்றார் வாயில் பெரோகியோடு. "களஆய்வாம். வெளிய வரப் பயப்படற பசங்களாம். பாவம்."

"அது நாங்கதான்" என்றாள் தோரா.

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இங்க என்ன பண்றீங்க?"

"பயப்படாம வந்துட்டோம்."

டெலோர்ம் சிரித்த சிரிப்பில் பெரோகி புரையேறி, நான் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. நிறுவனத்தில் முறையாக வளர்க்கப்படும் சுத்தமான பாம்புகள் பற்றி நான் கேட்டேன். "இதுதாம்மா அது. இங்கயிருந்து எடுத்துக்கிட்டுப் போவேன். அங்க துடைச்சு, பெட்டி மேல ஒரு அட்டை ஒட்டுவாங்க. துடைச்சா சுத்தம்தானே?" என்றார். பிறகு தராசை எங்கள் பக்கம் காலால் தள்ளினார். "இந்தச் சாமானெல்லாம் உங்க கல்லூரி கணக்குல வாங்கினதுதான். எடுத்துக்க. நீங்க பிடிச்சுக் கொடுத்தா எனக்கும் முதுகுவலி மிச்சம்."

அந்த வாரம் முழுக்கப் பகலெல்லாம் நாங்கள் அங்கேதான் இருந்தோம். பிடித்து, எடை போட்டு, நீளம் பார்த்து, வாலடியில் சின்ன மைப்புள்ளி வைத்து, குழியிலேயே திரும்ப விட்டோம். பிடித்த பாம்பெல்லாம் பயத்தில் ஒரு திரவத்தைப் பீச்சும். அந்த நாற்றம் சோப்புக்கு அடங்காது. விடுதியில் எங்கள் அறைப் பக்கம் யாரும் வரவில்லை. முழங்காலுக்குப் பின்னால் உண்ணிகள் ஒட்டின. நான் பாம்பைக் கையில் எடுத்தேன் என்று என் அம்மா இன்றுவரை நம்பவில்லை. டெலோர்ம் வாளியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கடைசி நாள் தனக்கு வேண்டிய பாம்புகளை எங்களிடமே எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

ஆய்வு முடிவுகளைக் குழு ஐந்தே நிமிடத்தில் தள்ளிவிட்டது.

"அங்கீகாரம் இல்லாத பாம்புகளை அளந்திருக்கீங்க" என்றார் லோரிமர். "அதோட நீளத்தை இந்தக் கல்லூரி ஏத்துக்க முடியாது."

"நீங்க வாங்கின பாம்பும் அதே குழிதான் சார்."

"இருக்கலாம். ஆனா அதுக்கு அட்டை இருக்கு."

தோரா அழுது நான் பார்த்ததில்லை. அன்று நிர்வாகக் கட்டடத்தின் படியில் உட்கார்ந்து அழுதாள். மூக்கைக் கையுறையில் துடைத்துக்கொண்டாள். அது பாம்புக் கையுறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"கல்லு கொட்டிடுவாங்கடி. இப்ப ஒண்ணும் ஆகாது. எல்லாம் சதுப்புக்குப் போயிடும். இலையுதிர் காலத்துல திரும்பி வரும். அதே இடத்துக்குத்தான் வரும், வேற இடம் தெரியாது அதுங்களுக்கு. வாசலைத் தேடித் தேடி மேலயே சுத்தும். முதல் பனி விழுந்தா அப்படியே விறைச்சுப் போகும். ஒவ்வொண்ணும்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அங்கேதான் ஆஷ்டவுன் எங்களைக் கண்டுபிடித்தார். அட்டை ஒட்டிய பாம்புகள் வந்து இறங்கிவிட்டன. மையத்தில் 'உள்ளரங்கக் களம்' திறப்பு விழா. கல்லூரித் தலைவர் தார்ன்பெரி பேசுகிறார்.

"தோரா கண்ணு, தலைவர் பேச்சுக்குப் பாம்புகளைப் பத்திப் பெருமையா ரெண்டு வரி வேணும். நல்ல பூர்வீகம், பரம்பரை, அந்த மாதிரி ஏதாவது. அவருக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

தோரா மூக்கை உறிஞ்சினாள். நிதானமாக இரண்டு வரி சொன்னாள். ஆஷ்டவுன் மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டு போனார். நான் தோராவின் முகத்தைப் பார்த்தேன். அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

விழாவுக்குச் சுற்றுவட்டாரப் பெரிய மனிதர்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். கோஸ்டினியுக் முன்வரிசையில் வினார்டெர்ட்டா கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தார். மேடையில் கண்ணாடித் தொட்டி, அதன் மேல் சூடு விளக்கு. பாம்புகள் கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டிருந்தன.

தார்ன்பெரி தொண்டையைச் செருமினார்.

"களம் வெளியே இருக்கிறது என்று நம்மை இத்தனை காலம் நம்ப வைத்தார்கள். வெளியே என்ன இருக்கிறது? சேறு, உண்ணி, விபத்து, வழக்கு! இன்று நாம் களத்தை உள்ளே கொண்டுவந்துவிட்டோம். இனி எங்கள் மாணவர்கள் இயற்கையை, இயற்கையின் இடையூறு இல்லாமல் படிப்பார்கள்." பலத்த கைதட்டல். "இந்தப் பாம்புகள் சாதாரணமானவை அல்ல. ஹோல்ம்விக்கில், பழைய வெண்ணெய்க்கூடத்தின் பின்னால் உள்ள சுண்ணாம்புக் குழியில் ஆயிரக்கணக்கில் வாழும் தொன்மையான குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குழி இல்லாவிட்டால் இவை இல்லை. இதை இந்தக் கல்லூரி உறுதியோடு அறிவிக்கிறது!"

கோஸ்டினியுக் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"தலைவரே, இன்னொரு தடவை சொல்லுங்க. குழியில பாம்பு இருக்குங்கறீங்க?"

தார்ன்பெரியைப் பேசச் சொல்லி இதுவரை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. "இருக்கிறது ஐயா! கல்லூரி அதற்கு உத்தரவாதம்!" என்று முழங்கினார்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு ஊராட்சித் தலைவர் அங்கேயே தொலைபேசியை எடுத்தார். "பெட்ரோ, சரளைக்கல்லு வேண்டாம்னு சொல்லிடு. ஆமா, பாம்பு இருக்காம். கல்லூரி சொல்லுது."

தோரா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் புகைப்படக்காரர் தலைவரைப் பாம்போடு ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டார். தார்ன்பெரி ஒரு பாம்பைப் பட்டமளிப்புச் சுருள் மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு புன்னகைத்தார். பாம்பு அவருடைய சட்டைக் கை, கழுத்துப்பட்டை, உரை இருந்த தாள் எல்லாவற்றிலும் பீச்சியது. முன்வரிசை காலியாயிற்று. பிறகு மற்ற வரிசைகள்.

அன்றே லோரிமர் குழுவைக் கூட்டினார். துர்நாற்றம் குழுவின் அங்கீகாரப் பட்டியலில் இல்லை என்பதால் பாம்புகளின் அங்கீகாரம் ரத்தானது. அவற்றைப் பிறந்த இடத்திலேயே, உரிய அதிகாரிகளின் மேற்பார்வையில் விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இரண்டாம் நிலைப் பயிலரங்குக்கு வராததால் தோராவின் ஆய்வு 'முழுமையடையாதது' என்றும் அதே கூட்டத்தில் முடிவானது. அவள் அதைக் கேட்டுவிட்டு, தொட்டிக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா என்று விசாரித்தாள்.

பாம்புகளைக் கொண்டுபோய் விடும் அதிகாரிகளுக்காகக் குளிர்சாதனப் பஸ் ஒன்று வந்தது. ஆஷ்டவுனும் மையத்தின் பதினோரு பேரும் ஏறினார்கள். டிரான்டர் தொடை வரைக்கும் தோல் கவசம் போட்டிருந்தார். அதனால் அவரால் உட்கார முடியாமல் ஹோல்ம்விக் வரை நின்றுகொண்டே வந்தார்.

குழியில் கடைசிப் பாம்புகள் இன்னும் இருந்தன. பாறை மேல் வெயில் காய்ந்தன, உருண்டைகளாகப் புரண்டன, புல்லுக்குள் வழிந்து போயின. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். அவர்களில் பலர் களம் என்பதை அன்றுதான் பார்க்கிறார்கள். தோரா முழந்தாளிட்டு, பைகளின் வாயை ஒவ்வொன்றாகப் பாறை மேல் சாய்த்தாள். பாம்புகள் வெளியே வந்து, ஒரு கணம் நாக்கை நீட்டிக் காற்றைப் பார்த்துவிட்டு, கூட்டத்தோடு கலந்து போயின. எது அட்டை ஒட்டியது, எது ஒட்டாதது என்று பிறகு தெரியவில்லை.

ஆஷ்டவுன் வெகுநேரம் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோராவின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இத்தனை பேர், ஒரே இடத்துல, வருஷா வருஷம் தவறாம கூடறாங்க. யார் நிதி குடுக்கறா?"

"யாரும் குடுக்கறதில்ல மேடம். வெயில் வந்துது. வந்துட்டாங்க."

ஆஷ்டவுன் தலையாட்டினார். மையத்தின் பதினோரு பேருக்கும் கேட்காதபடி இன்னும் கிட்டே நெருங்கினார்.

"அந்த வெயில்கிட்ட பேசணும்னா யாரைப் பாக்கணும்?"